ஒரு கோடு, ஒரு வளைவு, ஒரு புள்ளி: சஃபாயிதிக் பாறை எழுத்துகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு

சஃபாயிதிக் என்பது பழங்கால நாடோடிகள் பாலைவனக் கற்களில் கீறிவைத்த எழுத்து. அதைப் படிக்க அரபு தெரிந்திருக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். தொடங்குவதற்குத் தேவையில்லை. ஒரு நீண்ட கோடு, ஒரு பக்கம் திறந்த வளைவு, ஒரு குட்டிக் கோடு. இந்த மூன்று வடிவங்களை அடையாளம் காணப் பழகிவிட்டால், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒட்டகம் மேய்த்த ஒருவரின் பெயரையும் அவர் தகப்பன் பெயரையும் ஒரு மாலைப் பொழுதில் பிரித்துப் படித்துவிடலாம். அதற்குப் பிறகுதான் கடினமான வேலை வரும். ஆனால் முதல் பெயரைப் படித்தவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டு நான் பார்த்ததில்லை.

முதலில், இவை எங்கே கிடக்கின்றன என்பது. சிரியாவின் தெற்கில் தொடங்கி, ஜோர்டானின் வடகிழக்கு வழியாகச் சவூதி அரேபியாவின் வட எல்லைக்குள் நீளும் ஒரு பாலைவனம் இருக்கிறது. மணல் பாலை அல்ல. எரிமலைக் குழம்பு ஆறி இறுகி, உடைந்து சிதறிய கருங்கற்களின் பரப்பு. நம் ஊரில் வீட்டுக்கு அடித்தளம் போடும் கருங்கல் வேறு, இது வேறு, இது பசால்ட். அரபியில் இந்த நிலத்தை ஹர்ரா என்பார்கள். வெயிலிலும் காற்றிலும் பல்லாயிரம் ஆண்டுகள் கிடந்ததில் கல்லின் மேல்தோல் கறுத்துப் பளபளத்திருக்கும். இன்னொரு கூரிய கல்லால் கீறினாலோ கொத்தினாலோ அந்தத் தோல் பெயர்ந்து, உள்ளே இருக்கும் வெளிர் நிறம் தெரியும். மையும் தாளும் இல்லாதவர்களுக்கு அந்த நிலமே பலகையாக இருந்தது.

டமாஸ்கஸுக்குத் தென்கிழக்கே உள்ள 'ஸஃபா' என்ற எரிமலைப் பரப்பின் பெயரால் சஃபாயிதிக் என்று அழைக்கிறார்கள். எழுத்துகளில் பெரும்பகுதி அந்த ஸஃபாவுக்கு வெளியேதான் கிடைத்திருக்கிறது. இருந்தும் பெயர் நிலைத்துவிட்டது. 1857-இல் சிரில் கிரஹாம் என்ற ஆங்கிலேயப் பயணி இவற்றைக் கண்டு உலகுக்குச் சொன்னார். பிறகு யோசெஃப் ஹலேவி என்ற ஆய்வாளர் எழுத்துகளில் பெரும்பகுதியை இனம் கண்டார். 1901-இல் என்னோ லிட்மான் என்ற ஆய்வாளர் 28 எழுத்துகளையும் முழுமையாகப் படித்து முடித்தார். இன்றுவரை பதிவானவை 30,000-க்கும் மேல். பொதுவாக கி.மு. 1-ஆம் நூற்றாண்டு முதல் கி.பி. 4-ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்று கொள்கிறார்கள்.

இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். இவற்றில் அரச ஆணை இல்லை, கோயில் கணக்கு இல்லை, வெற்றிப் புகழ்ச்சி இல்லை. எழுதியவர்கள் ஆடும் ஒட்டகமும் மேய்த்த நாடோடிகள். வேறு எந்தப் பழைய சமூகத்திலும் மேய்ப்பர்கள் தம் கையால் இவ்வளவு எழுதிவைத்ததாக எனக்குத் தெரியவில்லை. இந்தத் துறையில் மிகுதியாக உழைத்தவர்களில் ஒருவரான மைக்கேல் மெக்டானல்ட் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார்: மந்தையைக் காத்துக்கொண்டு தனியே உட்கார்ந்திருக்கும் நீண்ட பகல்களைக் கழிக்க, ஒருவரிடமிருந்து ஒருவர் எழுத்தைக் கற்றுக்கொண்டு கல்லில் கீறினார்கள். பள்ளி, வாத்தியார் என்று எதுவும் இல்லை. அகரவரிசையைக் கீறிப் பழகிய சில கற்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் வரிசை கல்லுக்குக் கல் மாறுகிறது. உருவத்தில் ஒத்த எழுத்துகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நினைவில் கொண்டிருக்கிறார்கள்.

எழுத்தைப் பழகுங்கள், ஆனால் 28-ஐயும் ஒரே நாளில் வேண்டாம்

ஒரு நோட்டை எடுத்து இவற்றை மட்டும் முதலில் எழுதிப் பாருங்கள். 'ல்' ஒரு நீண்ட நேர்கோடு. 'ன்' ஒரு குட்டிக் கோடு, சில கைகளில் வெறும் புள்ளி. 'ப்' ஒரு பக்கம் திறந்த வளைவு. ஐன் என்ற தொண்டை ஒலிக்கு ஒரு சிறு வட்டம். வட்டத்துக்குள் ஒரு கோடு போட்டால் 'வ்'. வட்டத்துக்கு ஒரு கால் வைத்தால் 'ய்'. பெருக்கல் குறியோ கூட்டல் குறியோ போட்டால் 'த்'.

உயிரெழுத்து கிடையாது. மெய் மட்டும்தான். நீட்டலும் குறுக்கலும் நாம்தான் போட்டுப் படிக்க வேண்டும். சில கற்களில் ஒரே ஆள் தன் பெயரைக் கிரேக்க எழுத்திலும் கீறியிருப்பதால், பல பெயர்களின் உயிரொலி நமக்குத் தெரிகிறது. மற்றவற்றுக்கு அரபு மொழியின் உறவு உதவுகிறது. இது அரபியின் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று என்று மொழியியலாளர் அஹ்மத் அல்-ஜல்லாத் இலக்கணம் எழுதிக் காட்டியிருக்கிறார்.

சொற்களுக்கு நடுவே இடைவெளி இல்லை. எழுதும் திசைக்கும் விதி இல்லை. இடமிருந்து வலம், வலமிருந்து இடம், மேலிருந்து கீழ், கல்லைச் சுற்றி நத்தை ஓடு போல வளைந்து போவது, எல்லாம் உண்டு. ஆகவே கல்லின் படத்தைப் பார்த்ததும் 'எங்கே தொடங்குகிறது' என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரு தனித்த நீண்ட கோடுதான் தொடக்கம். அது 'ல்'.

குழப்பமும் அங்கேதான். 'ல்' நீண்ட கோடு, 'ன்' குட்டைக் கோடு என்றேன். எவ்வளவு நீளம் இருந்தால் நீண்டது? அதே கையின் மற்றக் கோடுகளோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். தொடக்கத்தில் நான் ஒவ்வொரு எழுத்தையும் தனியாக வைத்துப் படிக்க முயன்று, பல பெயர்களைத் தப்பும் தவறுமாக எழுதிவைத்தேன். முழு வரியையும் ஒருமுறை கண்ணால் அளந்துவிட்டுப் பிறகு எழுத்துக்கு வாருங்கள். இந்த ஒரு பழக்கம் பாதித் தவறுகளைத் தவிர்க்கும்.

தமிழில் குறிப்பெடுப்பவர்களுக்கு ஒரு சொல். நம் 'த' ஒன்று, இவர்களிடம் அந்த இடத்தில் ஐந்தாறு எழுத்துகள் இருக்கின்றன, 'க'வும் அப்படியே. ஸகரத்திலும் இரண்டு வகை. ஆய்வாளர்கள் ரோமன் 'எஸ்' எழுத்தின் தோளில் 1, 2 என்று சிறிதாகப் போட்டு வேறுபடுத்துவார்கள். அந்த ரோமன் குறியீட்டை முதலிலேயே பழகிக்கொள்ளுங்கள். தமிழில் எழுதிவைத்த குறிப்பை ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் எந்தத் 'த' என்று நமக்கே தெரியாது. 'ப' மட்டும் தொல்லை தராது. இவர்கள் மொழியில் 'பம்பரம்' என்பதன் முதல் ஒலி இல்லை, நடு ஒலி மட்டும்தான் உண்டு.

பெயரைப் பிரியுங்கள்

தொடக்கத்து 'ல்' என்பதற்கு 'இன்னாருடையது', 'இன்னார் எழுதியது' என்று பொருள். அடுத்து வருவது பெயர். அதற்கடுத்து 'ப்ன்' என்ற இரண்டெழுத்தைத் தேடுங்கள். வளைவு ஒன்று, குட்டிக் கோடு ஒன்று. தமிழ் முஸ்லிம்களின் பெயர்களில் நாம் இன்றும் பார்க்கும் 'பின்' இதுவேதான்: மகன். பெண் என்றால் 'பின்த்'. பெண்கள் பெயரால் அமைந்த கற்கள் குறைவு; ஆனால் இருக்கின்றன.

'ப்ன்' கிடைத்துவிட்டால் வரி தானே அவிழும். அதற்கு முன்னால் இருப்பது மகன், பின்னால் இருப்பது தந்தை. அடுத்த 'ப்ன்' வந்தால் பாட்டன். பெரும்பாலோர் இரண்டு மூன்று தலைமுறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிலர் பத்துத் தலைமுறையையும் தாண்டிச் சொல்கிறார்கள். கடைசியில் 'ஃதூ ஆல்' என்று வந்தால் 'இன்ன குலத்தவன்' என்று பொருள். அவீத், தய்ஃப் ஆகிய இரண்டும் அடிக்கடி கண்ணில் படும் பெரிய குலங்கள்.

பெயர்களிலேயே அந்த நிலம் தெரியும். ஓநாய், நாய், சிங்கம், தேள் என்று விலங்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 'வஹ்ப்-ஏல்' என்றால் கடவுள் தந்த கொடை. ஸஅத், மாலிக், ஹானி என்று இன்றும் அரபு நாடுகளில் கேட்கும் பெயர்களும் உண்டு.

வம்சாவளிக்கு இவ்வளவு இடம் ஏன் என்று தோன்றலாம். வீடு, ஊர், தெரு இல்லாத வாழ்க்கையில் ஒருவனின் விலாசம் அவன் முன்னோர் வரிசைதான். இன்னான் மகன் இன்னான் என்று சொன்னால் யார் அடைக்கலம் தருவார்கள், யாருடன் பகை, எந்தக் கிணற்றில் உரிமை என்பது தெரிந்துவிடும். ஆய்வாளர்களுக்கும் இதுதான் பெரிய துணை. ஒரு கல்லில் மகன், இன்னொரு கல்லில் அவன் அண்ணன், மூன்றாவதில் சிற்றப்பன் என்று கோத்துக் கோத்துக் குடும்ப மரமே வரைந்துவிடுகிறார்கள்.

பெயருக்குப் பின் 'ஹகம்ல்' என்று வந்து, பக்கத்தில் ஒட்டகப் படம் இருந்தால், அது ஓவியரின் கையொப்பம்: 'இன்னாருடையது இந்த ஒட்டகம்.' படத்தையும் எழுத்தையும் சேர்த்தே பாருங்கள். பலரும் எழுத்தை மட்டும் வெட்டிப் படம் எடுத்துவிடுகிறார்கள்.

பெயருக்குப் பின் என்ன நடந்தது

வட்டத்துக்குள் கோடு போட்ட 'வ்' தனியே வந்தால் பெரும்பாலும் 'மேலும்' என்று பொருள். கதை அங்கே தொடங்குகிறது. சொற்கள் குறைவு, திரும்பத் திரும்ப வருபவை. 'ர் ஐ ய்' என்றால் மேய்த்தான் (இங்கே 'ஐ' உயிரெழுத்து அல்ல, ஐன் என்ற மெய்). 'ஹ-இபில்' சேர்ந்தால் ஒட்டகங்களை. 'ஃக் ர் ஸ்' என்றால் காவல் இருந்தான். 'ன் ஃப் ர்' என்றால் தப்பி ஓடினான். 'ரோமிடமிருந்து தப்பி ஓடினான்' என்று எழுதிய கற்கள் பல உண்டு. 'த் ஷ் வ் க்' என்றால் ஏங்கினான். யாரை நினைத்து என்று அடுத்து வரும்: அண்ணனை, தோழனை, காதலியை.

'வ் க் ம்' என்ற சொல்லில்தான் நான் அதிக நேரம் நின்றிருக்கிறேன். துக்கம் காத்தான் என்று பொருள். இன்னாருக்காகத் துக்கம் காத்தான், இன்னாருக்காக, இன்னாருக்காக என்று நாலைந்து பெயர்கள் அடுத்தடுத்து வரும் கற்கள் இருக்கின்றன. இறந்தவர் பெயரோடு 'ரக்ம் மனய்' என்று சேர்ப்பார்கள்: விதியால் வீழ்த்தப்பட்டவர். இறந்தவர் மேல் கற்களைக் குவித்து மேடு எழுப்புவது வழக்கம். அந்தக் குவியலுக்கு 'ரக்ம்' என்று பெயர். 'வீழ்த்தப்பட்டவர்' என்பதில் வரும் ரக்ம் வேறு, இந்த ரக்ம் வேறு. நம் எழுத்தில் ஒன்றாகத் தெரிந்தாலும் அவர்கள் எழுத்தில் நடு மெய் இரண்டு தனித்தனி வடிவம். முன்பு சொன்ன எச்சரிக்கை இதற்குத்தான். ஜோர்டானில் ஹானி என்பவரின் கற்குவியலைத் தொல்லியலாளர் லங்கெஸ்டர் ஹார்டிங் ஆராய்ந்து 1953-இல் வெளியிட்டார். அங்கே ஒவ்வொருவராக வந்து, தாம் இன்னார் மகன் இன்னார், ஹானிக்காகத் துக்கம் காத்தோம் என்று கீறிச் சென்றிருக்கிறார்கள். கல் கொண்டுவந்து வைத்தவர்கள் கல்லில் பெயரும் வைத்துப் போனார்கள். இன்னொரு வகைக் கல்லில், ஒருவன் மேய்ச்சலுக்கு வந்த இடத்தில் பழைய தோழர்களின் எழுத்துத் தடத்தைக் கண்டு வருந்தினான் என்று வரும். நாம் இன்று செய்வதை அவர்களே ஒருவருக்கொருவர் செய்திருக்கிறார்கள்.

சிலர் ஆண்டையும் குறிப்பார்கள். 'ஸ் ன் த்' என்றால் ஆண்டு. எண் இருக்காது; நிகழ்ச்சி இருக்கும். 'நபதேயர் போர் நடந்த ஆண்டு', 'மேதியர் புஸ்ராவுக்கு வந்த ஆண்டு' என்று. நபதேயர் என்போர் பெட்ராவை ஆண்ட அரபு மக்கள்; மேதியர் என்று இவர்கள் சொல்வது பாரசீகரை; புஸ்ரா தென் சிரியாவில் உள்ள ஊர். வாசித்த அன்றே தேதி கணக்கிட முயல வேண்டாம். ஆய்வாளர்களே பல நிகழ்ச்சிகளுக்கு வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பிரார்த்தனை, சாபம்

வரியின் கடைசியில் 'ஃப் ஹ்' என்று வந்தால் நிமிர்ந்து உட்காருங்கள். 'ஆகவே, ஓ' என்று பொருள். அடுத்து தெய்வத்தின் பெயர். அதிகம் வருவது 'ல் த்', அதாவது அல்லாத் தேவி. ருதவ் என்ற தெய்வம் அவர்களுக்கும் பல நூற்றாண்டு முந்தையது. அசீரிய மன்னன் எஸர்ஹத்தோனின் குறிப்பில் அரபியரின் தெய்வங்களுள் ஒன்றாக இப்பெயர் இருக்கிறது. மழைக்குப் பஅல்-ஷமீன், வானத்தின் தலைவன். தென் சிரியாவின் ஹவ்ரான் பகுதியில் ஸீஅ என்ற இடத்தில் அவருக்குக் கோயில் இருந்தது, கற்களிலும் 'ஸீஅவின் தெய்வம்' என்றே அழைக்கிறார்கள். கூட்டத்தோடு துணை போகும் ஷைஅ-ஹ-கவ்ம் என்ற தெய்வமும் உண்டு. சிரியப் பாலைவனத்தின் பழைய நகரான பல்மைராவில் கி.பி. 132-இல் ஒரு நபதேயர் எழுதிய கல்வெட்டு இவரை 'மது அருந்தாத தெய்வம்' என்று சிறப்பிக்கிறது.

கேட்பவை சில சொற்கள்தான். 'ஸ் ல் ம்': நலம், பாதுகாப்பு, சலாம் என்ற சொல்லின் வேர். 'ரவ்ஹ்': ஆறுதல், துன்பத்திலிருந்து விடுதலை. 'கனீமத்': கொள்ளைப் பொருள், அந்த வாழ்வில் அது நேரான விருப்பம். 'கிப்லல்': பிரிந்தவர்களோடு மீண்டும் சேர்தல். ஏக்கத்தைச் சொன்ன கற்களில் இந்தக் கடைசிச் சொல்லைத் தேடிப் பாருங்கள். ஒருவனை நினைத்து ஏங்கினேன், ஆகவே அல்லாத்தே, மீண்டும் சேர்த்து வை. அவ்வளவுதான் கல், அதற்கு மேல் சேர்க்க ஒன்றுமில்லை.

எழுதியவர்கள் தம் எழுத்து அழியுமோ என்று அஞ்சினார்கள். 'இந்த எழுத்தை அழிப்பவனுக்கு 'ஐ வ் ர்' உண்டாகட்டும்' என்பது அடிக்கடி வரும் சாபம். ஐ வ் ர் என்றால் குருடு. அழிப்பது என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் வினைச்சொல்லும் அதே வேர்தான். எழுத்தைக் குருடாக்குபவன் குருடாகட்டும் என்று சொல்லோடு சொல் முட்ட வைத்திருக்கிறார்கள். நொண்டியாகட்டும், கல்லறையிலிருந்து அன்பானவனின் கையாலேயே வெளியே வீசப்படட்டும் என்பவையும் உண்டு.

இங்கே புதியவர்களைத் தடுக்கி விழ வைக்கும் எழுத்து 'ஹ்'. தெய்வப் பெயருக்கு முன் வந்தால் 'ஓ' என்ற விளி. பொருட்பெயருக்கு முன் வந்தால் 'அந்த', 'இந்த'. உறவுப் பெயருக்குப் பின் ஒட்டினால் 'அவனுடைய'. மூன்றும் ஒரே வடிவம், இடைவெளியும் இல்லை. முன்னும் பின்னும் உள்ள சொல்லைப் பிரித்த பிறகே இதைத் தீர்மானியுங்கள்.

ஒரு வரி பயிற்சி

இது உண்மையான கல் அல்ல; அடிக்கடி வரும் சொற்களைக் கொண்டு பயிற்சிக்காக நான் கோத்தது. அலிஃப் என்ற தொண்டை அடைப்பு மெய்க்கு அ, ஐனுக்கு ஐ என்று வைத்திருக்கிறேன்:

ல் ஸ் ஐ த் ப் ன் அ ன் ஐ ம் ப் ன் ம் ல் க் வ் வ் க் ம் ஐ ல் அ ஃக் ஹ் ஃப் ஹ் ல் த் ஸ் ல் ம்

முதலில் இரண்டு 'ப் ன்'களையும் வட்டமிடுங்கள். முன்னால் ஸஅத், நடுவில் அன்அம், அடுத்து மாலிக். மாலிக்குக்குப் பின் இரண்டு 'வ்' அடுத்தடுத்து வருகின்றன. முதலாவது 'மேலும்', இரண்டாவது துக்கம் காத்தான் என்ற வினையின் முதலெழுத்து. 'ஐ ல்' என்றால் 'மீது', 'ஆக'. 'அ ஃக்' என்றால் சகோதரன். ஒட்டிய 'ஹ்' அவனுடைய. அடுத்த 'ஹ்' விளி. 'மாலிக் மகன் அன்அம் மகன் ஸஅத் எழுதியது. தன் சகோதரனுக்காகத் துக்கம் காத்தான். ஆகவே, அல்லாத்தே, நலம் அருள்.'

இதைப் பார்க்காமல் பிரிக்க முடிந்தால் உண்மையான கற்களுக்குப் போகலாம். ஓஸியானா என்ற இணையத் தரவகம் இலவசம். ஆக்ஸ்ஃபோர்டில் மெக்டானல்ட் தலைமையில் உருவானது. இன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. பெரும்பாலான பதிவுகளில் ரோமன் எழுத்துப்பெயர்ப்பும் மொழிபெயர்ப்பும் இருக்கும். பலவற்றில் படமும் உண்டு. மொழிபெயர்ப்பைக் கையால் மறைத்துக்கொண்டு படத்தைப் படியுங்கள். பிறகு ஒப்பிடுங்கள். ஐயம் வந்தால் அல்-ஜல்லாத் 2015-இல் வெளியிட்ட இலக்கணமும், கரோலினா யவொர்ஸ்காவுடன் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட அகராதியும் துணை. நீண்ட கற்களிலிருந்து தொடங்க வேண்டாம். பெயரும் தகப்பன் பெயரும் மட்டும் உள்ள ஐம்பது கற்கள், பிறகு பிரார்த்தனை உள்ளவை.

இத்தாலியிலும் சில உண்டு என்பது கூடுதல் செய்தி. பாம்பேயின் நாடக அரங்குகளை இணைக்கும் நடைவழிச் சுவரில் 1987-இல் சஃபாயிதிக் கீறல்களைக் கண்டுபிடித்தார்கள். எரிமலை அந்த நகரை மூடியது கி.பி. 79-இல், அதற்கு முன் யாரோ சிலர் அவ்வளவு தூரம் வந்து தம் பெயர்களை வீட்டு எழுத்தில் கீறியிருக்கிறார்கள்.

நேரில் போகிறவர்களுக்கு

வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம்மவர்கள் விடுமுறையில் ஜோர்டான் போவதுண்டு. அம்மானிலிருந்து கிழக்கே அஸ்ரக் வழியாக ஸஃபாவி, ருவைஷித் நோக்கிப் போகும் சாலையில் கருங்கல் நிலம் தொடங்கும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் சாலையை விட்டு இறங்காதீர்கள். கல்லும் மேடும் எல்லாத் திசையிலும் ஒன்றுபோலவே இருக்கும்.

எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்க்கக் கூடாது, தண்ணீர் ஊற்றக் கூடாது, வேறு கல்லால் 'தெளிவாக்க'க் கூடாது. சாக்பீஸ் பூசியவர் கண்டதுதான் படத்தில் பதியும், கல்லில் இருப்பது பதியாது. காலையிலும் மாலையிலும் சாய்வெயிலில், பல கோணங்களில், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள். முழுக் கல்லையும், கல் கிடக்கும் சுற்றத்தையும் எடுங்கள். கைப்பேசியில் இருப்பிடக் குறிப்பு பதிவாகிறதா என்று பாருங்கள். ஆனால் அந்த இடக்குறிப்பைச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். புதையல் தேடுபவர்கள் கற்குவியல்களைத் தோண்டிச் சிதைத்திருக்கிறார்கள். அவை மேய்ப்பர்களின் கல்லறைகள். அதிலிருந்து ஒரு கல்லைக்கூட நகர்த்த வேண்டாம், நினைவுக்காக ஒரு சில்லுகூட எடுத்துவர வேண்டாம். சட்டமும் அதைத் தடுக்கிறது. ஆனால் சட்டம் தெரியாதவரும் அந்தச் சாபத்தைப் படிக்கத் தெரிந்துவிட்டால் கை வைக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

சாபத்துக்கு எதிர்ப்பக்கமும் சில கற்களில் இருக்கிறது. அழிப்பவனுக்குக் குருடு என்று எழுதிய அதே கை, 'ல் ஃத் த் ஐ ய்' என்று எழுதி, இதை வாய்விட்டுப் படிப்பவனுக்குக் கனீமத் கிடைக்கட்டும் என்றும் வேண்டியிருக்கிறது. 'த் ஐ ய்' என்பதன் பொருள் அழைத்தல், உரக்கப் படித்தல். எனவே முதல் கல்லைப் பிரித்து முடித்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். பெயரை, தகப்பன் பெயரை, பாட்டன் பெயரை வரிசையாக ஒருமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.